பங்குனித் தொடக்கத்தில் கூந்தன்குளம்: சைக்கிளில் பறவை பார்த்தல்

பறவை பார்க்கப் பழகுகிறவர்கள், மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கூந்தன்குளத்துக்குச் சைக்கிளில் போவது மிக நல்ல தொடக்கம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள இந்த ஊரில், பனிக்காலத்தைக் கழிக்க வந்த பறவைகள் கிளம்பும் நேரமும், கூடு கட்டியவை அடைகாத்துக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் நேரமும் அப்போது ஒன்றாக அமைகின்றன.

பிசான அறுவடை முடிந்த வயல்களும் உடைமரங்கள் நிற்கும் தரிசுகளுமான வட்டாரம் இது. சைக்கிளில் இன்ஜின் இரைச்சல் இல்லாததால், பறவை கண்ணில் படும் முன்பே அதன் குரல் காதில் விழும். நடந்து தீராத தூரத்தையும் வெயில் ஏறும் முன் கடந்துவிடலாம். மின்கம்பியில் இருக்கும் பனங்காடை, ஓடும் சைக்கிளைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. நேர் கீழே நிறுத்தினால் பறந்துவிடும். ஆகவே சற்றுத் தள்ளியே இறங்கிக்கொள்ள வேண்டும். இணை சேரும் இந்தப் பருவத்தில் அது உயரே ஏறி, கத்தியபடி புரண்டு புரண்டு இறங்கும். உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத் தெரியும் பறவையின் சிறகில் அத்தனை நீலம் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

தரிசு நிலத்தில்தான் அதிகக் கவனம் தேவை. ஆள்காட்டிக் குருவி கூடென்று எதையும் கட்டுவதில்லை. வெறும் தரையில் பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். மண்ணின் நிறத்திலேயே புள்ளிகளோடு இருப்பதால், காலடியில் கிடந்தாலும் அவை தெரியாது. வெயில் கடுமையானால் தாய்ப்பறவை வயிற்று இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும். அது தலைக்கு மேல் சுற்றிச்சுற்றிக் கத்தினால், முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று கொண்டு, வந்த வழியே விலகிவிட வேண்டும்.

இருவராகப் போவதில் பாதுகாப்பு மட்டுமல்ல, பலனும் கூடுதல். முன்னால் போகிறவர் சாலையைக் கவனிக்க, பின்னால் வருகிறவர் வயலைக் கவனிக்கலாம். குளக்கரையில் ஒருவர் எண்ண, மற்றவர் எழுதலாம். அடையாளம் தெரியாத பறவையின் அலகை ஒருவரும் காலை மற்றவரும் கவனித்திருந்தால், பிறகு கையேட்டில் தேடுவது எளிது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இதற்குக் கைகொடுக்கும். பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். வாரைக் குறுக்காக மாட்டிக்கொண்டால் மிதிக்கும்போது நெஞ்சில் இடிக்காது.

கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலமும்கூட. குளத்துக் கருவேல மரங்களிலும் ஊருக்குள் வீட்டோர மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. உச்சிவெயிலில் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது ஊரார் தாங்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டி இந்த ஊர்க்காரர். 2021-இல் கொரோனாவில் இறந்தார். அரசாணை வருமுன்பே இக்குளத்தைக் காத்தவர்கள் இந்த மக்கள்தான்.

தண்ணீரில் மிதக்கும் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டித் திபெத், மங்கோலிய ஏரிகளுக்குத் திரும்ப வேண்டியவை. சூறைக்குருவிகளும் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து மத்திய ஆசியாவுக்குப் புறப்படும். மழை பொய்த்துக் குளம் வறண்ட ஆண்டுகளில் இந்தக் காட்சி கிடைக்காது. நீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

ஊருக்குள் சைக்கிளை விட்டு இறங்கி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போங்கள். படத்துக்காகக் கூட்டு மரங்களை நெருங்காதீர்கள். நாரை வெருண்டு எழுந்தால், அது திரும்பும் வரை குஞ்சுகள் வெயிலில் கிடக்கும்.