386 போனது, 68030 இருக்கிறது

லினக்ஸ் பிறந்தது ஓர் இன்டெல் 386 கணினியில். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் வாங்கிய கணினி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் தன் வேலையை வெளியே அறிவித்தபோது, 386 சிப்பின் தனி வசதிகளை நம்பி எழுதியிருப்பதால் வேறு கணினிக்கு இதைக் கொண்டுபோக முடியாது என்றும் சொல்லிவைத்தார். இருபத்தோரு ஆண்டு கழித்து, 2012 டிசம்பரில், அந்த 386க்கான நிரல்வரிகளையே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பு முதல் 386இல் புது லினக்ஸ் ஏறாது.

ஏறக்குறைய அதே வயதுடைய மோட்டோரோலா 68030 சிப்பில் இன்றைய கெர்னலும் ஏறுகிறது. லினக்ஸ் முதன்முதலில் இன்டெலை விட்டு வெளியே போனதே இந்த 68000 குடும்பத்துக்குத்தான். 1990களின் தொடக்கத்தில் ஹாமிஷ் மெக்டொனால்டு, கிரெக் ஹார்ப் போன்றவர்கள் அமிகா கணினியில் அதை ஓடவைத்தார்கள். பிறகு அட்டாரியும் மெக்கின்டாஷும் சேர்ந்துகொண்டன. 386 வைத்திருந்தவர்களுக்கு 486, பென்டியம் என்று அடுத்தடுத்து ஏறிப்போகப் படிகள் இருந்தன. மோட்டோரோலாவின் 68000 வரிசையோ 1994இல் வந்த 68060உடன் முடிந்துபோனது. போக்கிடம் இல்லாதவர்கள் இருந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே என் கணிப்பு.

லினக்ஸ் ஏற்றிப் பார்க்க, இந்தக் கட்டுரைக்கு அமிகா 1200ஐ எடுத்துக்கொள்வோம். கமடோர் நிறுவனம் 1992 கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டுக் கணினி இது. கீபோர்டும் மதர்போர்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். டிவியில் செருகினால் போதும். 14 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 68இசி020 சிப், 2 எம்பி நினைவகம், அவ்வளவுதான். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வீட்டுக்கு வீடு விளையாட்டுக்காக வாங்கினார்கள். நம் ஊரில் அதிகம் பார்க்க முடியாத பெட்டி. 1994 ஏப்ரலில் கமடோர் திவாலானது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே இந்தக் கணினியைக் கவனிக்கப் பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் போனது.

அமிகாவின் சொந்த இயங்குதளம் சாமானியப்பட்டதல்ல. பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டும் வித்தையை 1985இலேயே, இன்றைய ஒரு செல்போன் படத்துக்குக்கூடப் போதாத நினைவகத்தில், செய்து காட்டியது. குறை ஒன்றுதான். ஒரு நிரலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மதில் கிடையாது. எந்த நிரலும் எவருடைய நினைவகத்திலும் எழுதலாம். ஒன்று தடம் புரண்டால் மொத்தக் கணினியும் நின்று, கறுப்புத் திரையில் ‘குரு மெடிடேஷன்’ என்ற சிவப்புக் கட்டம் மின்னும். லினக்ஸ் இப்படி வேலை செய்வதில்லை. மதில் இல்லாத இடத்தில் சாதாரண லினக்ஸ் குடியேறவே ஏறாது.

அந்த மதிலை எழுப்பும் உறுப்புக்கு எம்எம்யூ என்று பெயர், அதாவது நினைவக மேலாண்மை அலகு. சென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண் என்று தபால்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு நிரலும் தனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டு நினைவகத்தைக் கேட்கிறது. எம்எம்யூ அதை உண்மையான எண்ணாக மாற்றிக் கொடுக்கிறது. அந்த நிரலுக்குச் சொந்தமில்லாத எண்ணைக் கேட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தவறிழைத்த நிரல் மட்டும் நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும்.

அமிகா 1200இல் இருக்கும் 68இசி020 சிப்பில் எம்எம்யூ இல்லை. ஆகவே கடையில் வாங்கிய நிலையில் இந்தக் கணினியில் சாதாரண லினக்ஸ் ஏறாது. மேம்படுத்தினால்தான் உண்டு.

கணினியைக் கவிழ்த்துப் போட்டால் அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் 150 முனை கொண்ட செருகுமிடம். ஆக்சிலரேட்டர் பலகை அங்கேதான் போகும்: புது சிப், புது நினைவகம் எல்லாம் அந்த ஒரே பலகையில். பலகையைச் செருகியதும் பழைய சிப் ஒதுங்கிக்கொள்ள, புதியது பொறுப்பேற்கும். 1990களில் ஜெர்மனியின் ஃபேஸ்5 நிறுவனம் செய்த பிளிசார்டு 1230, 1260 பலகைகளுக்கு இன்றும் நல்ல கிராக்கி. டெரிபிள்ஃபயர் என்ற பெயரில் ஒரு பொறியாளர் வடிவமைத்து வரைபடத்தோடு வெளியிட்ட பலகைகளும் உண்டு. சால்டரிங் கை பழகியவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

வாங்கும்போது விலையை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சிப்பின் முதுகில் உள்ள எழுத்து. 68030 என்றால் எம்எம்யூ உள்ளேயே உண்டு. 68இசி030 என்றால் அதை நம்பக் கூடாது. அந்த ‘இசி’ என்ற இரண்டெழுத்துக்காக ஏமாந்தவர்கள் ஏராளம். 68060இல் இன்னும் மோசம். மலிவான இசி, எல்சி வகைகளின் மேற்பரப்பைத் தேய்த்து, முழு 68060 என்று புதிதாக அச்சடித்து விற்பது பழைய சிப் சந்தையில் வாடிக்கையாகிவிட்டது. எல்சியில் எம்எம்யூ இருக்கும், தசமக் கணக்குப் போடும் எஃப்பியூ இருக்காது. இசியில் இரண்டுமே இல்லை. வேகம் மட்டும் பார்த்து வாங்குவதும் வம்புதான். எஃப்பிஜிஏ என்ற, உள்ளமைப்பை மாற்றியெழுதக்கூடிய சிப்பால் செய்த வேம்பயர் பலகைகள் பழைய மோட்டோரோலா சிப்களைத் தூக்கிச் சாப்பிடும் வேகம் கொண்டவை. அமிகா விளையாட்டுக்கும் படத்துக்கும் பிரமாதம். லினக்ஸ் எதிர்பார்க்கும் மோட்டோரோலா பாணி எம்எம்யூ அவற்றில் இல்லாததால் இந்த வேலைக்கு மட்டும் உதவாது.

பலகை வந்ததும் செருகிவிட முடியாது. அமிகா 1200இன் மதர்போர்டில் இருக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள், அதாவது கெபாசிட்டர்கள், முப்பது வருடத்தில் கசியத் தொடங்கியிருக்கும். கசிந்த திரவம் செம்புத் தடங்களைத் தின்னும். சால்டரிங் அயனை வைத்ததும் மீன் நாற்றம் அடித்தால் கசிவு ஏற்கெனவே நடந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் எடுத்து, இடத்தைச் சுத்தம் செய்து, புதியவை வைக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் தடமும் கூடவே வந்துவிடும். பொறுமை இல்லாதவர் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. சில மதர்போர்டுகளில், குறிப்பாக 1டி4 என்று அச்சிட்டவற்றில், இ123சி, இ125சி என்ற இரண்டு கெபாசிட்டர்களை நீக்கினால்தான் ஆக்சிலரேட்டர் தடுமாறாமல் ஓடும். தொழிற்சாலையில் வைத்த உறுப்பைக் கழற்றிய பிறகே கணினி ஒழுங்காக வேலை செய்கிறது என்பது கேட்க வேடிக்கை. கடிகாரத் துடிப்பின் வடிவத்தை அவை மழுங்கடிக்கின்றன என்பதே காரணம்.

ஹார்டு டிஸ்க் வேலை சுலபம். உள்ளே ஐடிஇ இணைப்பு உண்டு. அதில் ஓர் அடாப்டரை மாட்டி, கேமராவுக்கு வாங்கிய காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் செருகினால் போதும். அமிகாவைத் தொடக்கிவைக்கும் கிக்ஸ்டார்ட் மென்பொருளின் 3.1 வரைக்குமான பழைய ரோம் சிப்கள் 4 ஜிபிக்கு அப்பால் பார்க்கத் தெரியாதவை. அதனால் அமிகாவின் சொந்த இயங்குதளத்தை அட்டையின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பகுதியில் வைத்துவிட்டு, மிச்சத்தை லினக்ஸுக்கு விடுவார்கள். பக்கவாட்டில் உள்ள பிசிஎம்சிஐஏ துளையில் என்இ2000 வகை நெட்வொர்க் அட்டை போகும். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

சுவிட்சைப் போட்டால் முதலில் வருவது அமிகாவின் வழக்கமான திரைதான். பழைய வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டால்தான் லினக்ஸ் உள்ளே வர முடியும். அமிபூட் என்றொரு சின்ன நிரல். அதற்குக் கெர்னல் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பகுதியிலிருந்து லினக்ஸ் தொடங்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி என்டர் தட்ட வேண்டும். இது என்ன மாடல், என்ன சிப், எந்த முகவரியில் எவ்வளவு நினைவகம் என்று அமிபூட் எண்ணிப் பார்த்து, கெர்னலைத் தூக்கி ஆக்சிலரேட்டரின் நினைவகத்தில் வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. அந்த நொடியிலிருந்து அமிகா இயங்குதளம் நினைவகத்தில் இல்லை; திரும்பிப் போக ரீசெட் ஒன்றே வழி. திரை ஒரு முறை கறுத்து, பிறகு இடது மேல்மூலையில் பென்குயின் தோன்றும். அதன் கீழே எழுத்துகள் ஓடத் தொடங்கும். நவீன கணினியில் கண்ணுக்குச் சிக்காமல் பறக்கும் அந்த வரிகளை இங்கே நிதானமாக வாசிக்கலாம். 2 எம்பியோடு விற்ற கணினியில் இப்போது கெர்னலே அதைவிடப் பெரிது என்பதையும் அந்த இடைவேளையில் யோசித்துக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டரில் 128 எம்பி இருந்தால், டெபியன் என்ற லினக்ஸ் வகை மூச்சுவிட இடம் கிடைக்கும்.

லாகின் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அமிகா 1200 பேட்டரிக் கடிகாரம் இல்லாமல் விற்றது. ஆக்சிலரேட்டரிலும் கடிகாரம் இல்லை என்றால் லினக்ஸுக்கு இன்றைய தேதி 1970 ஜனவரி 1. மென்பொருள் தொகுப்பை இறக்கப் போனால், இந்தச் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று மறுத்துவிடும். தேதியைக் கையால் போட வேண்டும், அல்லது நெட்வொர்க்கில் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது வேகம். எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினியிலிருந்து உள்ளே நுழையப் போனால், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே நீண்ட காத்திருப்பு. இன்றைய மறைகுறியாக்கக் கணக்குகள் 50 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்காக வகுத்தவை அல்ல. உரை எழுதலாம், சி நிரல் தொகுக்கலாம், சின்ன வலைப்பக்கம் ஒன்றை வழங்கலாம். நவீன பிரவுசரை மறந்துவிட வேண்டும். ஓட்டம் லேசாக இருக்க வேண்டும் என்பவர்கள் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் பக்கம் போகலாம்; 2024இல் வந்த அதன் 10ஆம் பதிப்பிலும் அமிகாவுக்கு இடம் உண்டு. என்னைக் கேட்டால், 68030 வைத்திருப்பவருக்கு நெட்பிஎஸ்டி, 68060 வைத்திருப்பவருக்கு டெபியன்.

இந்த டெபியனின் கதை தனி. 1998இல் வந்த 2.0 பதிப்பில் முதன்முறையாக 68000 குடும்பம் இடம்பெற்றது. 2007இல் 4.0 வந்தபோது அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து கழன்றது. பின்னர் டெபியன் போர்ட்ஸ் என்ற பகுதியில் தன்னார்வலர்களின் கைச்செலவில் உயிர்வாழ்கிறது. கெர்னல் பக்கத்தில் கீர்ட் அய்ட்டர்ஹோவன் நெடுங்காலமாகப் பொறுப்பேற்றிருக்கிறார். ஒரு காலத்தில் மென்பொருள் பொதிகளைத் தொகுத்துத் தந்தவை நிஜ அமிகாக்களும் அட்டாரிகளும் மெக்கின்டாஷ்களுமே. இன்று பெரும்பாலும் க்யூஇஎம்யூ என்ற கட்டற்ற மென்பொருளுக்குள் உருவாக்கிய பாவனைக் கணினிகள் அந்த வேலையைச் செய்கின்றன. நிஜக் கணினியை விட அதன் பாவனை பல மடங்கு வேகம்.

இந்தத் தன்னார்வலர்களின் தீராத தலைவலி ஒன்று உண்டு. மற்றக் கணினிகளில் 32 பிட் எண் ஒன்றை நினைவகத்தில் 4ஆல் வகுபடும் முகவரியில் வைப்பது வழக்கம். 68000 குடும்பத்தின் லினக்ஸில் 2ஆல் வகுபட்டாலே போதும் என்று ஆதியில் முடிவுசெய்தார்கள். நினைவகம் பொன்னாக விற்ற காலத்தில் அது சிக்கனம். 4ஆல் வகுபடும் முகவரியின் கடைசி இரண்டு பிட்டும் எப்போதும் சுழியம். சும்மா கிடக்கும் அந்த இரண்டு பிட்டில் தங்கள் குறிப்புகளைச் செருகிவைப்பது பெரிய நிரல்களை எழுதுவோரின் பழக்கம். இங்கே கடைசி ஒரு பிட் மட்டுமே சுழியம் என்பதால் குறிப்பும் முகவரியும் கலந்து நிரல் கவிழ்கிறது. ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்கிறார்கள், அல்லது அடிப்படை விதியையே மாற்றிவிடலாமா என்று விவாதிக்கிறார்கள். மாற்றினால் பழைய பொதிகள் அத்தனையையும் முதலிலிருந்து தொகுக்க வேண்டிவரும்.

புதிய சிக்கல் ரஸ்ட் மொழி. டெபியனில் மென்பொருள் இறக்கும் ஏபிடி கருவிக்கு இனி ரஸ்ட் கட்டாயமாகும், அது இல்லாத கணினி வகைகள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் விடைபெற வேண்டும் என்று 2025 இறுதியில் அதன் பராமரிப்பாளர் அறிவித்தார். பாதிக்கப்படும் வகைகளில் 68000 குடும்பமும் ஒன்று. ரஸ்ட் நம்பியிருக்கும் எல்எல்விஎம் தொகுப்பியில் 68000க்கான பகுதி 2021 முதல் இருந்தாலும் அது இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. கெர்னல் 386ஐக் கைவிட்டது போல டெபியன் இதையும் கைவிடுமா என்பது, ரஸ்டை இங்கே கொண்டுவரும் வேலை முடிவதைப் பெரிதும் பொறுத்தது.

தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அமிகா தேடி அலைய வேண்டாம். க்யூஇஎம்யூவை உங்கள் கணினியில் நிறுவி, 68000 வகை டெபியனை அதில் ஏற்றிப் பழகலாம், செலவு இல்லை. பரணில் பழைய 386, 486 மதர்போர்டு கிடந்தால் அதை இறக்கி, பீப்பாய் வடிவத்தில் ஒரு பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அமிகா 4000இலும் அதே நிக்கல்-காட்மியம் பேட்டரிதான், அதன் கசிவால் செத்த பலகைகளும் ஏராளம். இருந்தால் இரண்டு பக்கக் காலையும் வெட்டி எடுத்துவிடுங்கள். எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்பதை அப்புறம் சாவகாசமாக முடிவுசெய்யலாம்.