காந்தச் சாய்வும் வலசைப் பறவைகளின் திசையுணர்வும்: தென்பாண்டிச் சமவெளியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வலசை, புவிகாந்தப்புலம், காந்தச் சாய்வு, கிரிப்டோகுரோம், ஆறுமணிக்குருவி

முன்னுரை

புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார் விளிக்கும் அன்னச்சேவல் குமரித்துறையிலிருந்து வடமலை நோக்கிச் செல்வது. மதுரையில் குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர் தூதுவிடும் நாரையும் குமரியிலிருந்தே வடக்கே திரும்புகிறது. புலவர் இருவரும் கண்டது பறவை செல்லும் திசையை. அத்திசையை அது எவ்வாறு அறிகிறது என்பது அவர்தம் வினாவன்று. ஆயினும், அவர்கள் சுட்டிய குமரிப்பகுதி இவ்வினாவிற்கு மிக நெருக்கமான நிலமாக அமைந்துள்ளது. புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது.

அக்கோட்டில் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன. வடக்கே செல்லச் செல்ல அவை வடமுகமாகச் சாய்ந்து தரைக்குள் இறங்குகின்றன. இக்கோணமே காந்தச் சாய்வு எனப்படும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 60 பாகைக்கு மேற்பட்டுள்ள இச்சாய்வு மதுரையில் சில பாகைகளே.

பறவை அறிவது வடக்கையா?

பறவையின் உடலில் காந்தமுள் போன்றதொன்று இருப்பதாக விளக்குவது நம்மிடையே வழக்கம். இவ்வுவமை பிழையானது. வில்ட்ஷ்கோ இணையர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய ராபின் பறவைகளின் கூண்டைச் சூழ்ந்த புலத்தைக் கம்பிச்சுருள்களால் மாற்றினர். புலத்தின் கிடைக்கூறை மட்டும் திருப்பியபோது பறவைகள் எதிர்த்திசையை நாடின. செங்குத்துக்கூறை மட்டும் திருப்பியபோதும் அவ்வாறே செய்தன. இரண்டையும் ஒருங்கே திருப்பியபோதோ அவற்றின் திசை மாறவில்லை. காந்தமுள்ளாயின் இம்மூன்றாம் நிலையிலும் தலைமாறி நின்றிருக்கும். எனவே, பறவை வடக்கு தெற்கு எனப் பிரித்தறிவதில்லை. புலக்கோட்டின் சாய்வைக் கொண்டு துருவத்திசை, நடுக்கோட்டுத் திசை என்றே பிரித்தறிகிறது.

இவ்வுணர்வு ஒளியைச் சார்ந்தது. விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதம் நீல ஒளியை ஏற்கும்போது அதனுள் இரு எலக்ட்ரான்கள் இணைத்தொடர்புடன் பிரிகின்றன. அவற்றின் தற்சுழற்சி நிலை காந்தப்புலத்தால் மாறுபடுகிறது என்பது கருதுகோள். 2021இல் ராபினின் கிரிப்டோகுரோம்-4 ஆய்வகத்தில் காந்தப்புலத்திற்கு வினையாற்றுவது காட்டப்பட்டது. உயிருள்ள பறவையின் கண்ணில் இது நிகழ்வதை நிறுவுதல் வேறு பணி. புறாவின் அலகில் காந்த உணர்வுச் செல்களாகக் கருதப்பட்ட இரும்புச் செல்கள் வெறும் பெருவிழுங்கு செல்களே என 2012இல் கண்டறியப்பட்டதையும் இங்கு நினைத்தல் தகும்.

சாய்வு குன்றும் நிலம்

2016இல் வெளியான ஆய்வொன்றில் கருந்தொப்பிக் கதிர்க்குருவிகள் 5 பாகைச் சாய்விலும் திசையறிந்தன. சாய்வே இல்லாத புலத்தில் முற்றிலும் தடுமாறின. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட சாய்வுகள் மதுரைக்குத் தெற்கே, சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்வோம். இமயமலை அடிவாரத்திலும் நடுவிந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இது, இரவில் பறந்து தமிழகத்திற்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. களைத்து வீடுகளுக்குள் வந்து விழுவதும் உண்டு. இலங்கையின் தென்பகுதி காந்த நடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ளது. அங்கிருந்து வடக்கே திரும்பும் குருவி முதலில் நடுக்கோட்டுத் திசையிலும், கோட்டைக் கடந்தபின் துருவத்திசையிலும் செல்லவேண்டும். இக்குருவி சாய்வையே நம்புமாயின், வழியில் தன் விதியைத் தலைகீழாக்கவேண்டும். அவ்வாறு ஆக்குதல் இயலும் என்பதற்கு ஐரோப்பியச் சான்று உண்டு: கிடைநிலைப் புலத்தில் வைக்கப்பட்டிருந்த தோட்டக் கதிர்க்குருவிகள், பின்னர்ச் சாய்ந்த புலத்தில் முன்பு நாடிய திசைக்கு எதிர்த்திசையை நாடின (1992). ஆப்பிரிக்காவிற்குள் நெடுந்தொலைவு செல்லும் பறவை அது. கோட்டைச் சிறிதளவே கடக்கும் ஆறுமணிக்குருவி விண்மீன்களையும் அந்திவானத்து ஒளியையும் கொண்டே இவ்விடைவெளியைக் கடக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்துகளுக்கு, சிறுபறவைகளிடம் பெற்ற இம்முடிவுகளை அப்படியே ஏற்றிக்கூறுதல் பொருந்தாது.

இதனை இங்கு ஆராய முனைவோர் இடத்தேர்வில் கருத்தாக இருத்தல் வேண்டும். ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் ராபின்கள் திசையறியத் தவறின. குடில்களை அலுமினியத் தகட்டால் மூடி மண்ணிணைப்புக் கொடுத்த பின்னரே அறிந்தன. நகர மின்கருவிகளின் மெல்லிய மின்காந்த இரைச்சலே தடை என 2014இல் விளக்கப்பட்டது. நகருக்குள் அகப்பட்ட வண்டியூர்க் கண்மாய்க்கரையில் நிகழ்த்தும் சோதனை, பறவையின் இயல்பைவிட மதுரையின் மின்னிரைச்சலையே அளந்துவிடக்கூடும்.