காலையில் கிளம்பாத இறைப்பு இயந்திரம்

இடம்பெயர்ந்து வந்த நம்மில் பலருக்கு மரக்கறித் தோட்டமே சோறு. இறைப்பு இயந்திரம் இரண்டு நாள் நின்றால் நாற்று வாடிவிடும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில்தான் கிளப்புகிறோம். மாலையில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் காபரேற்றர் கிண்ணத்தில் அதுவே தங்கும். வெலிமடைக் குளிரில் அது எளிதில் ஆவியாகாது. கயிறு இழுத்துக் கைதான் நோகும். கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி வடித்து, பெற்றோல் விட்டு இழுங்கள்.

இன்னும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமென்றால் எரிபொருள் மிகுதி, துடைத்துக் காயவிடுங்கள். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. ஜெற் துளையை ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும், பிறகு புதிய ஜெற்றுக்குக் காசு தேடவேண்டும்.

பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. கீழ்நாட்டில் சரிசெய்த இயந்திரத்தின் பிளக் இங்கே கருக்கும். காற்று வடியைச் சுத்தம் செய்து, சோக்கை அளவோடு பாவிப்போம்.

நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிடுங்கள்.