ரீசனிங் புதிருக்கு எக்செல் உதவும்!

வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? இப்போது அந்தப் பதவிக்கு கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர். ஐபிபிஎஸ் நடத்தும் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதியில் 35 கேள்விகள். நேரம் 20 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு 34 விநாடி! தவறான விடைக்குக் கால் மார்க் போய்விடும்.

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி கோச்சிங் போய்வரும் எங்கள் தெருப் பிள்ளைகள், குறியீடு போட்ட ஏற்றத்தாழ்வுக் கணக்கில்தான் அதிகம் சந்தேகம் கேட்கிறார்கள். அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகலாம்.

கேள்வி இப்படி வரும். 'ஏ @ பி' என்றால் ஏ, பி-யை விடச் சிறியதல்ல. 'ஏ # பி' என்றால் ஏ, பி-யை விடச் சிறியதும் அல்ல, சமமும் அல்ல. 'ஏ $ பி' என்றால் பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல. இந்த "அல்ல"தான் குழப்பும். முதலில் அதை மாற்றி எழுதிவிடுங்கள். @ என்பது ≥, # என்பது >, $ என்பது =.

இப்போது 'ஏ @ பி $ சி' என்று கொடுத்திருக்கிறார்கள். அதாவது ஏ ≥ பி = சி. முடிவு 1: ஏ # சி. முடிவு 2: ஏ $ சி. எது சரி?

எக்செல்லைத் திறங்கள். (எக்செல் இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.) முதல் வரிசையில் ஏ, பி, சி என அடுத்தடுத்த செல்களில் டைப் செய்யுங்கள். அவற்றின் கீழே 5, 3, 3 என்று கொடுங்கள். நான்காவது செல்லில் = டைப் செய்து, 5 உள்ள செல்லை க்ளிக் செய்து, > டைப் செய்து, சி-யின் கீழுள்ள செல்லை க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். 'ட்ரூ' என்று வரும். ஐந்தாவது செல்லில் > குறிக்குப் பதில் = போட்டு இதையே செய்தால் 'ஃபால்ஸ்'.

அடுத்து 5-ஐ 3 ஆக்குங்கள். இரண்டும் தலைகீழாக மாறிவிடும்!

ஆக, எந்த முடிவும் தனியாக உறுதியில்லை. ஆனால் எப்போதும் இரண்டில் ஒன்று சரி. விடை, "1 அல்லது 2". "இரண்டும் இல்லை" என்று டிக் அடித்து கால் மார்க்கை விடுகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

ஏ > பி < சி போல குறிகள் எதிரெதிராகத் திரும்பினால், 9, 2, 5 கொடுத்துப் பாருங்கள். பிறகு 5, 2, 9. ஏ-க்கும் சி-க்கும் உறவே கிடையாது. எண்கள், கொடுத்த வாக்கியத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது மட்டும் முக்கியம். பொருந்தும் எண்களில் ஒரு தடவை 'ஃபால்ஸ்' வந்தாலும் அந்த முடிவு தனியாக நிற்காது. பத்து தடவை 'ட்ரூ' வந்ததால் மட்டும் நின்றுவிடாது. அதற்குக் குறிகளைத்தான் பார்க்க வேண்டும்.

தேர்வு ஹாலில் எக்செல் கிடையாது. நாலு நாள் பழகினால், இரண்டு சின்ன எண்களை மனதிலேயே போட்டுப் பார்க்க வந்துவிடும்.