பாகோ... பகோ!

ஆய்க்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு தென்காசிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கஸ்டமர்கள் மெக்ஸிகோவில். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பானிஷ் படிக்கிறான். போன வாரம் முகம் தொங்கிப் போய் வந்தான்.

"அண்ணாச்சி, 'பில் கட்டினார்'னு ஒரு கஸ்டமரைப் பத்தி மெயில் போட்டேன். 'பில் நான் கட்டுறேன்'னு போயிருக்கு. 'ரொம்ப நன்றி'ன்னு பதில் வேற வந்திருக்கு!"

எல்லாம் ஒரு சின்னக் கோடு செய்த வேலை. ஸ்பானிஷில் பணம் கட்டுவதற்கு 'பகார்'. முதல் அசையை அழுத்தி 'பாகோ' என்றால், நான் கட்டுகிறேன். கடைசி அசையை அழுத்தி 'பகோ' என்றால், அவர் கட்டினார். எழுதும்போது கடைசி 'ஓ' தலையில் ஒரு சாய்வுக்கோடு போடணும். பையன் போடவில்லை. பில் அவன் தலையில்!

பி.காம். படித்தவனுக்கு இலக்கணம் எதற்கு? பணம் கட்டுற விஷயமாச்சே, விட முடியுமா? அவன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

சிம்பிள் பாஸ்ட் அப்படியொன்றும் பூதமில்லை. வினைச்சொற்கள் ஆர், எர், இர் என்று மூன்றே விதமாக முடியும். பழைய வாலை வெட்டு, புது வாலை ஒட்டு. பகே (கட்டினேன்), பகாஸ்தே (கட்டினாய்), பகோ (கட்டினார்), பகாமோஸ் (கட்டினோம்), பகாரோன் (கட்டினார்கள்). எர், இர் இரண்டுக்கும் ஒரே வால். கோமெர் என்றால் சாப்பிடுவது. கோமீ, கோமீஸ்தே, கோமியோ... அவ்வளவுதான். 'நான், நீ' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், வாலே சொல்லிவிடும். நம்ம 'வந்தேன், வந்தாய்' மாதிரி!

அடங்காப் பிடாரிகளும் உண்டு. செய்வதற்கு 'அசேர்', செய்தேன் என்றால் 'ஈசே'. சிரிக்காதீர்கள் சார். ஓடினேன், நடந்தேன், பார்த்தேன், நின்றேன்... நம்முடையது மட்டும் ஒழுங்கா? 1540களில் புன்னைக்காயல் பக்கம் வந்த போர்த்துகீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கஸ் இதோடு மல்லுக்கட்டி, தமிழுக்கு இலக்கணமே எழுதினார். 1578-ல் அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது. நாம் செங்கோட்டை வழியாக ரயிலேறிப் போகும் அதே கொல்லம்தான். அவரால் முடிந்தது, நம்மால் முடியாதா?

இன்னொரு சமாச்சாரம். இந்த 'பகோ' எல்லாம் நடந்து முடிந்த காரியத்துக்கு மட்டும். நேற்று கட்டினார், கணக்கு குளோஸ். 'அந்தக் காலத்தில் மாசாமாசம் கட்டுவார்' என்றால் அது வேறு பாஸ்ட், 'பகாபா'. கவனித்தீர்களா? பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்காலத்தைக் கடன் வாங்குகிறோம். எங்க அப்பா சாரல் விழுந்தால் சைக்கிளில் ஐந்தருவிக்குப் போவார். அவர் தவறி நாலு வருஷம். வீட்டில் இன்னும் 'போவார்' என்றுதான் பேச்சு. அந்தக் கணக்கை மட்டும் நாங்கள் குளோஸ் பண்ணவில்லை.

பையன் கடைசியாக ஒரு குண்டு போட்டான். "ஃபுவேன்னா 'போனார்', 'இருந்தார்' ரெண்டுமாம். எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்க?"

"நம்ம ஊர்ல 'அவர் போயிட்டார்'னா பஸ்ஸிலயா பாடையிலயான்னு எப்படிலே தெரியுது? முன்னே பின்னே பாரு, தெரியும்!"

மறுநாள் கோட்டைப் போட்டு மறு மெயில் அனுப்பிவிட்டான். பில் கஸ்டமர் தலைக்கே திரும்பிப் போனது.

எனக்குத்தான் அந்த 'ஃபுவே' மனசை விட்டுப் போகவில்லை. அப்பா இருந்தார், போனார். இரண்டுக்கும் ஒரே சொல்!