பத்தாம் நாள் காய்ச்சல்

கன நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கேல்லை. படிப்பு ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். ஒஷாவாவில அக்கா வீட்டில இருந்துதான் படிக்கிறன்.

அவனுக்குப் பத்து மாதத்தில் காய்ச்சலோட வலிப்பு வந்தது. கண் மேல போய், கைகால் வெட்டி இழுத்து... இரண்டு நிமிசம்தான் இருக்கும். அம்மா இரும்புத் திறப்புத் தேடி ஓட, அத்தான் கரண்டியோட நிக்க, 911க்கு அடிச்சது நான். (இரும்பும் வேண்டாம், வாய்க்குள்ள ஒண்டும் வைக்கவும் கூடாது. பக்கவாட்டில சரிச்சுப் படுக்கவைச்சு மணிக்கூட்டைப் பார்க்கவேணும்.)

இப்ப ஒரு வயசு. எம்எம்ஆர் ஊசி போடவேணும். "ஒருக்கா இழுத்த பிள்ளைக்கு ஊசியோ? இரண்டு வயசாகட்டும்" எண்டு அம்மா ஒரே பிடி. அக்காவும் ஆடிப்போனா. டொக்டர் "போடலாம்" எண்டதோட சரி. அதால நானே லைப்ரரியில இருந்து தேடினன்.

அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. டென்மார்க்கில் 5 இலட்சத்து 37 ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. எம்எம்ஆர் போட்டு இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வலிப்பு 1000 பேருக்கு ஒன்றரை அளவில் கூடியிருக்கு. முந்தி வலிப்பு வந்த பிள்ளைகளில் 1000க்கு 19 அளவில். நூற்றுக்கு இரண்டு, சின்னத் தொகை இல்லை. ஆனால் ஊசிக்குப் பிறகு அப்படி வலிப்பு வந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் காக்கைவலிப்பு கூடுதலாக வரவில்லை.

அப்ப பிந்திப் போட்டால் என்ன? எனக்கும் அதுதான் சரியெண்டு பட்டது. 2013இல் வந்த அமெரிக்க ஆய்வு தலைகீழாச் சொல்லுது: 12-15 மாதத்தில் போட்டவர்களைவிட 16-23 மாதத்தில் போட்டவர்களுக்குத்தான் ஊசிக்குப் பிறகான வலிப்பு ஆபத்து கூட. இரண்டு வயசுமட்டும் இழுத்தடிக்கிறதால லாபமில்லை.

இன்னொண்டு. எம்எம்ஆரில இருக்கிறது வீரியம் குறைச்ச உயிர் வைரஸ். அது உடம்பில பெருக நாள் எடுக்கும். அதால அதின்ர காய்ச்சல் பெரும்பாலும் 7-10 நாள் கழிச்சுத்தான் வரும். நாங்கள் ஊசி போட்ட அண்டு முழிச்சிருந்துபோட்டு, காய்ச்சல் வாற நாளில குறட்டை விடுவம். பரசிட்டமோல் பிள்ளையின்ர அந்தரத்தைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது.

ஊசி போடாமல் விட்டால் சின்னமுத்து இருக்கு. 2024இல் ஒன்ராறியோவில் ஊசி போடாத, ஐந்து வயசுக்கு உட்பட்ட ஒரு பிள்ளை அதில செத்தது. அந்த ஒக்ரோபரில் தொடங்கிய பரவலில் ஒரு வருசத்துக்குள் 2300 பேருக்கு மேல் பிடிச்சது. 2025 நவம்பரில் கனடா 'சின்னமுத்து ஒழிந்த நாடு' என்ற பெயரையே இழந்தது. அந்த நோயின் காய்ச்சலிலும் வலிப்பு வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சியும் வரும். அதை அம்மாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, "அப்ப கெதியாப் போடுங்கோ" எண்டா.

போன வியாழன் போட்டாச்சு. கலண்டரில ஏழாம் நாளில இருந்து அக்கா சிவப்பு வட்டம் போட்டு, ஆர் ஆர் எந்த இரவு முழிக்கிறது எண்டும் எழிதி வைச்சிருக்கிறா. வாற ஞாயிறு, பத்தாம் நாள், என்ர முறை.