வால் நறுக்கிய எஃப்

‘கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து சாய்ந்துவிடுகிறது. இதைப் போய் ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். வரையத்தான் வேண்டும்.

இட்டாலிக் எனும் சாய்வெழுத்து, நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தது அல்ல; விரைந்து எழுதும் கையிலிருந்து பிறந்த தனி எழுத்து. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ், வர்ஜிலின் கவிதைகளை முழுக்க அந்த எழுத்திலேயே கையடக்கப் புத்தகமாக அச்சிட்டார். எழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நூற்பெயருக்கும் அழுத்தத்துக்கும் நேரெழுத்தோடு துணைக்கு நிற்கும் வேலை பிறகுதான் அதற்கு வந்தது.

எனக்குப் பிடித்தது சபோன் எழுத்துரு. 1967இல் வெளிவந்தது, வரைந்தவர் யான் சிஹோல்ட். அதன் இட்டாலிக்குக்கு முன்மாதிரி, பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ராபர்ட் கிரான்ஜோனின் எழுத்து. அழகெல்லாம் சரி, அந்தச் சின்ன எஃப் மட்டும் ஏனோ ஒடுங்கி நிற்கும்.

இட்டாலிக் எஃப் இயல்பிலேயே அக்கம்பக்கம் கைவைக்கும் எழுத்து: தலை வலப்பக்கத்து எழுத்தின் மேல் கவியும், வால் இடப்பக்கத்து எழுத்தின் அடியில் நுழையும். கையால் அச்சுக் கோத்த காலத்தில் ஈயக்கட்டைக்கு வெளியே அந்த நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்துக் கோக்காவிட்டால் ஒடிந்துவிடும். சபோனோ கைக்கோப்பு, மோனோடைப், லைனோடைப் என்ற அச்சுக்கோக்கும் இயந்திரங்கள் ஆகிய மூன்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது ஜெர்மன் அச்சகத்தாரின் கோரிக்கை. லைனோடைப்பில் ஒரே பித்தளை அச்சில் நேரெழுத்தும் சாய்வெழுத்தும் மேலும் கீழுமாக இருக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே அகலம். எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தது போலத்தான். எஃப் வெளியே எட்டிப்பார்க்கவும் வழியில்லை. தலையையும் வாலையும் ஒடுக்கிக்கொண்டது. இயந்திரங்கள் போன பின்னும் கணினிச் சபோனில் அந்த ஒடுக்கம் தங்கிவிட்டது.

இவ்வளவு யோசித்துச் செய்ததை நாம் எப்படிப் புழங்குகிறோம்? எழுத்துருவில் உண்மையான இட்டாலிக் இல்லையென்றால் மென்பொருள் நேரெழுத்தையே ஒரு கோணத்தில் தள்ளிவிடுகிறது. கண்டுபிடிப்பது எளிது: ஆங்கிலச் சின்ன ‘ஏ’யைப் பாருங்கள். நுனிகளில் சிறு கோடுள்ள செரிஃப் வகையின் அசல் இட்டாலிக்கில் மேல்வளைவு போய் வயிறு மட்டும் இருக்கும். போலியில் இரண்டடுக்கு அப்படியே சாய்ந்திருக்கும். தமிழுக்கு அச்சில் இப்படியொரு துணையெழுத்து மரபே இல்லை. ஆனாலும் அழைப்பிதழ்களில் பத்தி பத்தியாகச் சாய்க்கிறார்கள். ‘ண’வும் ‘ஐ’யும் தள்ளாடுகின்றன. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி போதாதா?